கணக்குப் பார்க்கிற இயந்திரத்துக்கு யார் கணக்குப் பார்ப்பது?

இரத்தோட்டை உறவுகள் எல்லாருக்கும் இது. கொஞ்சம் நீளமான பதிவு, தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் பெற்றோர் கூட்டத்தில், கணினி அறையில் இருக்கிற பன்னிரண்டு கணினிகளும் பழசாகிவிட்டன, ப்ரொசெசர் வேகம் காணாது, எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டும் என்று எழும்பிச் சொன்னது நான்தான். ஐசிடி டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நீங்களும் நம்பினீர்கள். டவுன் கடைக்காரர்கள், மிளகு விற்ற காசில் ஒரு பங்கைத் தந்த பெரியவர்கள், கட்டாரிலிருந்து அனுப்பிய தம்பிமார் என்று காசு சேரவும் தொடங்கிவிட்டது.

அடுத்த கிழமை ஏ.எல். வகுப்புப் பிள்ளை ஒருவன் கொப்பித் தாள் ஒன்றோடு வந்தான். "டீச்சர், ப்ரொசெசர்ல பிழை இல்ல. அது முக்கால்வாசி நேரம் சும்மாதான் இருக்கு." தாளில் இரண்டு வரி. கணினியைப் போட்டதும் லிப்ரே ஒபிஸ் திறக்க 41 செக்கன். மூடிவிட்டு உடனே மறுபடி திறக்க 6 செக்கன். ஆனால் இரண்டு தடவையும் ப்ரொசெசர் செய்து முடித்த கட்டளைகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். செய்த வேலை ஒன்றென்றால் மற்ற 35 செக்கனும் எங்கே போனது?

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கூட்டத்தில் சொல்லியாயிற்று, காசும் சேருகிறது. அதனால் ஒரு டீச்சர் சொல்லக்கூடாததைச் சொன்னேன். "நீ அளந்தது பிழையா இருக்கும் மகன்." அவன் விடவில்லை. "எண்ணுறது நான் இல்ல டீச்சர், ப்ரொசெசரே எண்ணுது."

அவனை அனுப்பிவிட்டு யோசித்தேன். ப்ரொசெசர் எண்ணுவது பிழையாகுமா? அதைத் தேடி இரண்டு கிழமையாக ராவில் வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலில் என் பக்கத்தை நியாயப்படுத்தத்தான் வாசிக்கத் தொடங்கினேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

என் வாப்பா டவுனில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கிய கடைக்காரர். தராசுக்கு முத்திரை போடுவிக்கும் நாள் வந்தால் வீட்டில் அதுதான் பேச்சு. மலையிலிருந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிற மனிசனுக்குத் தராசைச் சோதிக்க வழியில்லை, முத்திரையைத்தான் பார்ப்பான். தோட்டத்து உறவுகளுக்கு இதை நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு கிலோ குறைத்து எழுதினால் முழுப்பேர் அரைப்பேராகிவிடும்.

கணினிக்குள்ளும் இப்படி ஒரு நிறுக்கும் இடம் இருக்கிறது. ப்ரொசெசருக்குள் நாலோ ஆறோ எட்டோ சின்ன எண்ணிகள் இருக்கும். வாகனத்தில் ஓடிய தூரம் காட்டும் மீற்றர் மாதிரி. எத்தனை துடிப்பு, எத்தனை கட்டளை முடிந்தது, தேவையான தரவு பக்கத்தில் இல்லாமல் எத்தனை தடவை தூரத்து நினைவகத்துக்குப் போகவேண்டி வந்தது என்று நாம் கேட்கிறதை எண்ணும். அந்த மீற்றர்களைத் திருப்புவது, நிறுத்துவது, வாசிப்பது எல்லாம் இயங்குதளத்தின் நடுவில் இருக்கிற கேர்னல் என்ற பகுதியின் பொறுப்பு. மீற்றர் வன்பொருள், மீற்றரை வாசித்துக் கொப்பியில் எழுதும் கணக்கப்பிள்ளை கேர்னல். பிழை கூடுதலாக நடந்திருப்பது கணக்கப்பிள்ளையிடம்தான்.

தொடக்க காலத்தில் மீற்றரைப் பாவிக்கும் வழியை மறைத்துவைத்தார்கள். இன்டெல் 1993இல் பென்டியம் ப்ரொசெசரை வெளியிட்டது. அதற்குள் 40 பிட் அகலத்தில் இரண்டு எண்ணிகள் இருந்தன. ஆனால் அவற்றை எப்படிப் பாவிப்பது என்ற விளக்கம் பொதுப் புத்தகத்தில் இல்லை. இரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த கம்பனிகளுக்கு மட்டும்தான் அது கிடைத்தது. தேர்யே மதிசன் என்ற நோர்வேக்காரர் தானாகத் துருவிப் பார்த்து, அந்த எண்ணிகளைத் திறக்கும் வழியை 1994 ஜூலை பைட் இதழில் எழுதிவிட்டார். காசு கொடுத்து வாங்கிய சாமானுக்குள் இருக்கும் மீற்றரைப் பார்க்க, வாங்கியவனே பூட்டை உடைக்க வேண்டியிருந்தது. பிறகு வந்த ப்ரொசெசர்களில் இன்டெல்லே அந்த விளக்கத்தைப் பகிரங்கமாக அச்சிட்டது.

லினக்ஸுக்கு இந்த வசதி ஒரே நாளில் வரவில்லை. உங்கள் அன்ட்ரொய்ட் போனின் அடியிலும் ஓடுவது லினக்ஸ் கேர்னல்தான், அதனால் இது தூரத்துக் கதை என்று நினைக்கவேண்டாம். 2002இல் ஜோன் லெவன் எழுதிய ஓப்ரொஃபைல் கேர்னலுக்குள் சேர்ந்தது. ஸ்டெஃபான் எரானியன் பெர்ஃப்மொன் என்று ஒன்றைப் பல வருடம் கேர்னலுக்கு வெளியே வைத்து வளர்த்தார். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று இழுபட்டுக்கொண்டிருந்தபோது, 2008 டிசம்பரில் தோமஸ் க்ளெய்க்ஸ்னரும் இங்கோ மொல்நாரும் வேறு ஒரு வடிவமைப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒன்பது மாதத்தில், 2009 செப்டெம்பரில் வந்த 2.6.31 பதிப்பில் அது உள்ளே போய்விட்டது. அதுதான் இன்றைய பெர்ஃப். நம்ம பிள்ளை பாவித்ததும் அதுதான். வருடக்கணக்காக உழைத்தவரின் வேலை வெளியில் நிற்க, பிறகு வந்தது உள்ளே போனதில் எரானியனுக்கு என்ன மனநிலை இருந்திருக்கும் என்று யோசித்தேன். மனிசன் கோபித்துக்கொண்டு போகவில்லை. பெர்ஃபின் திருத்தங்களிலும் பிறகு அவர் பெயர் வருகிறது.

பெர்ஃபில் நடந்த பிழைகளில் பெரிய பெயர் எடுத்தது 2013இல் வெளிவந்தது. தரம் 7 பிள்ளைக்கும் விளங்கும் பிழை அது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"இந்த இலக்க நிகழ்வை எண்ணு" என்று நாம் கேட்டால், கேர்னல் முதலில் அந்த இலக்கம் அளவுக்கு மிஞ்சியதா என்று பார்க்கும். பட்டியலில் பத்து நிகழ்வு என்று வையுங்கள். 10 அல்லது அதற்கு மேல் கேட்டால் போ என்று திருப்பி அனுப்பும். நியாயமான சோதனை. ஆனால் கேட்பவர் தரும் இலக்கம் 64 பிட் அகலம். அதைக் கேர்னல் 32 பிட் பெட்டியில் போட்டுப் பார்த்தது, அதுவும் மறை எண் எழுதக்கூடிய பெட்டியில். பெரிய எண்ணைச் சின்னப் பெட்டியில் திணித்தால் மேல்பாதி வெட்டுப்பட்டுப் போகும். மிஞ்சியதின் முதல் பிட் 1 ஆக இருந்தால் அது மறை எண்ணாக வாசிக்கப்படும். இப்போது பிள்ளைகளிடம் கேளுங்கள், மறை 5 பத்தை விடப் பெரிதா? இல்லை. அப்போ சோதனையில் சித்தி. கேர்னல் பட்டியலின் மறை ஐந்தாம் இடத்துக்குப் போய் அங்கே எண்ணிக்கையைக் கூட்டும். பட்டியலில் அப்படி ஓர் இடமே கிடையாது. அது வேறு எதற்கோ சொந்தமான நினைவகம். கேர்னலின் நினைவகத்தில் கண்ட இடத்தில் கைவைக்க முடிந்தவன் கணினி முழுவதற்கும் சொந்தக்காரன் ஆகிவிடுவான்.

2011 ஜனவரியில் வந்த 2.6.37 பதிப்பிலிருந்து இந்தப் பிழை உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்தவர் டொமி ரந்தாலா. டேவ் ஜோன்ஸ் எழுதிய டிரினிட்டி என்ற கருவியைத்தான் பாவித்தார். கேர்னலிடம் கன்னாபின்னாவென்று அர்த்தமில்லாத கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருப்பது அந்தக் கருவியின் வேலை. வகுப்பில் எல்லாக் கேள்வியையும் கோணலாகக் கேட்கிற பிள்ளை ஒன்று இருக்குமே, அந்த மாதிரி. (அந்தப் பிள்ளைகளிடம் எனக்கு முன்பிருந்த எரிச்சல் இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது.) 2013 ஏப்ரலில் அவர் அனுப்பிய திருத்தத்தின் உயிர் ஒரே சொல்தான். 32 பிட் பெட்டி என்று இருந்த இடத்தில் மறை எண் ஏற்காத 64 பிட் பெட்டி என்று மாற்றினார். அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் திருத்தத்தின் குறிப்பில் இது ஒரு பாதுகாப்புப் பிழை என்று சொல்லப்பட்டிருக்கவில்லை. சாதாரண எண்பெட்டிப் பிழை திருத்தம் மாதிரித்தான் இருந்தது. அதனால் பல இடங்களில் அவசரம் தெரியாமல் இருந்துவிட்டார்கள். அடுத்த மாதமே, சாதாரணப் பாவனையாளர் ஒருவரைக் கணினியின் முழு அதிகாரியாக மாற்றும் நிரல் பகிரங்கமாக வெளிவந்தது. அதற்குப் பிறகுதான் ஓட்டம் பிடித்தார்கள். பிழையைத் திருத்தினால் மட்டும் போதாது, அது எவ்வளவு பெரிய பிழை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது அந்த இடத்தில்தான். சத்தமில்லாமல் காசு சேர்ப்பதை நிறுத்திவிட்டு, எஸ்எஸ்டி வாங்கலாம் என்று பேச்சை மாற்றிவிடவும் எனக்கு வழி இருந்தது. வட்ஸப் குழுவில் போட அப்படி ஒரு செய்தியை எழுதியும் வைத்திருந்தேன்.

இன்னொரு கதை நமக்குக் கிட்டத்தில் உள்ளது. பெங்களூரில் ஐபிஎம் கம்பனியின் லினக்ஸ் பிரிவு நீண்ட காலமாக இயங்குகிறது. வங்கி போன்ற பெரிய இடங்களில் ஓடும் பவர் என்ற ப்ரொசெசர் ஐபிஎம்முடையது. அதற்கான பெர்ஃப் பகுதியை முதலில் எழுதியவர் அவுஸ்திரேலியாவின் போல் மக்கெராஸ். பிறகு அந்தப் பகுதியைப் பராமரிக்கும் வேலையின் பெரும் பங்கு ஐபிஎம்மின் இந்தியப் பொறியியலாளர்கள் கைக்கு வந்தது.

பவர் ப்ரொசெசரில் ஆறு எண்ணிகள், ஒவ்வொன்றும் 32 பிட். பத்து இலட்சம் துடிப்புக்கு ஒரு தடவை சொல்லு என்று கேட்டால், கேர்னல் எண்ணியைப் பூச்சியத்திலிருந்து தொடங்காது. எல்லையை எட்டப் பத்து இலட்சம் மட்டும் மிச்சம் இருக்கிற மாதிரி முன்கூட்டியே திருப்பி வைத்துவிடும். எல்லை தாண்டியதும் ஒரு மணி அடிக்கும். கேர்னல் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு வந்து, எந்த எண்ணி நிறைந்தது, அந்த நேரம் எந்த நிரல் ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதிக்கொள்ளும். இப்படி ஆயிரக்கணக்கான தடவை எழுதிச் சேர்த்தால், கணினியின் நேரம் எங்கே போகிறது என்பது தெரிந்துவிடும்.

ஆனால் எந்த நேரமும் மணிக்கு எழும்பி வர ஏலாது. கேர்னல் மிக நுட்பமான ஒரு வேலையில் இருக்கும்போது குறுக்கே வந்தால் அந்த வேலை குழம்பும். 2018இல் வந்த 4.16 பதிப்பில் மாதவன் ஸ்ரீனிவாசன் எழுதிய மாற்றம் அதற்குத்தான். அப்படியான நேரத்தில் எண்ணியின் மணி அடித்தால், "மணி அடித்தது" என்று மட்டும் குறித்துவைத்துவிட்டு, வேலை முடிந்ததும் போய்ப் பார்க்கலாம். நல்ல ஏற்பாடு.

பிறகு வினோதமான ஒரு முறைப்பாடு வரத் தொடங்கியது. மேய்ன் பல்கலைக்கழகத்தின் வின்ஸ் வீவர், பெர்ஃபுக்கென்றே தனியாகக் கோணல் கேள்வி கேட்கும் கருவி ஒன்றை எழுதியிருந்தார். அதை ஓட்டிப் பார்க்கும்போது கேர்னல் ஒரு செய்தி எழுதியது. மணி அடித்தது, ஆனால் அடித்த எண்ணியைக் காணவில்லை என்பது அதன் கருத்து.

இது எனக்கு உடனே விளங்கிவிட்டது, வகுப்பில் தினமும் நடக்கிறதுதானே. நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து "டீச்சர்!" என்று ஒரு குரல். எழுதி முடித்துத் திரும்பலாம் என்று மனதில் குறித்துக்கொள்கிறேன். அதற்குள் மொனிட்டர் எழும்பி, கை தூக்கிய பிள்ளையின் கையை இறக்கிவிட்டு வேறு வாங்கில் இருத்திவிடுகிறாள். நான் திரும்பி "யார் கூப்பிட்டது?" என்று கேட்டால் ஒரு கையும் மேலே இல்லை. கேர்னலிலும் இதுதான் நடந்தது. மணி குறித்துவைக்கப்பட்ட பிறகு, கேர்னலின் இன்னொரு பகுதி நிறைந்த எண்ணியை நிறுத்தவோ மாற்றவோ போய், அதைத் துடைத்துப் புதிதாக்கிவிடும். குறிப்பு மட்டும் மிஞ்சும்.

2021இல் அதிரா ராஜீவ் எழுதிய திருத்தம் இதைச் சரிப்படுத்தியது. நிறைந்த எண்ணியைத் துடைக்கிறவர், அதற்காகக் குறித்துவைத்த மணியையும் சேர்த்துத் துடைக்க வேண்டும். சொல்ல இலேசு. ஆனால் எந்தெந்த இடத்தில் துடைக்கிறார்கள், அந்தக் கணத்தில் இன்னொரு எண்ணியும் நிறைந்திருக்குமா, அதன் மணியும் சேர்ந்து அழிந்துவிடாதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அந்தத் திருத்தம் பல தடவை மாற்றி எழுதித் திருப்பி அனுப்பப்பட்டது.

கேர்னலில் ஒரு வழக்கம் இருக்கிறது. நீங்கள் திருத்துவது முன்பு செய்த எந்த மாற்றத்தில் வந்த பிழை என்று கண்டால், அந்த மாற்றத்தின் இலக்கத்தையும் தலைப்பையும் திருத்தத்தின் அடியில் ஒரு வரியாக எழுத வேண்டும். அதிராவின் திருத்தத்தில் அந்த வரியில் இருப்பது 2018இல் மாதவன் செய்த மாற்றம். அதற்குக் கீழே, இந்தத் திருத்தத்துக்கு யோசனை தந்தவர்கள் வரிசையில் நிக்கலஸ் பிக்கினோடு அதே மாதவனின் பெயரும் இருக்கிறது. தன்னுடைய மாற்றத்தில் இருந்த ஓட்டையை அடைக்கத் தானே வழி சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதை உலகம் முழுக்க யாரும் வாசிக்கலாம். நான் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தேன்.

கதை அதோடு முடியவில்லை. திருத்தம் உள்ளே போன பிறகு, 2022 ஜனவரியில், சோதனை ஒன்றில் ஓர் எச்சரிக்கை வந்தது. குறிப்பே எழுதப்படாத நேரத்திலும் போய்க் குறிப்பைத் துடைக்கப் பார்த்திருக்கிறது கேர்னல். எண்ணியை நிறுத்தப் போகிற அந்தச் சின்ன இடைவெளிக்குள்ளேயே எண்ணி நிறைந்துவிட்டால் அப்படி நடக்கும். எச்சரிக்கைக்கான திருத்தத்தை எழுதியவரும் அதிராதான். குறிப்பு இருக்கிறதா என்று முதலில் பார், இருந்தால் மட்டும் துடை. இந்தத் தடவை "எந்த மாற்றத்தில் வந்த பிழை" என்ற வரியில் அவருடைய சொந்தத் திருத்தத்தின் இலக்கமே இருக்கிறது. 5.17 பதிப்பு அந்த மார்ச்சில் வெளிவந்தபோது இரண்டும் சேர்ந்துதான் வந்தன. மாதவன் ஸ்ரீனிவாசன் இன்று பவர் ப்ரொசெசருக்கான லினக்ஸ் பகுதி முழுவதையும் பராமரிப்பவர்களில் ஒருவர்.

இனி நம்ம கணினி அறைக்கு வருவோம். நமது கணினிகளில் இருப்பது பவர் ப்ரொசெசர் இல்லை, ஆகவே அந்த ஓட்டை நமக்குப் பொருந்தாது. 2013 பிழை எப்போதோ அடைபட்டுவிட்டது. இத்தனை வாசித்த பிறகும் என் பக்கத்துக்கு ஒரு சாட்சியும் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை.

அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, எனக்கு முன்னால் மறுபடி அளக்கச் சொன்னேன். முதலில் விண்டோஸுக்குள் வேர்ச்சுவல்பொக்ஸ் போட்டு அளந்து காட்டினான். துடிப்பு, கட்டளை என்ற இரண்டு வரியிலும் "வசதி இல்லை" என்று வந்தது. "பாத்தியா!" என்றேன், கொஞ்சம் சந்தோசமாகவே. அவன் சிரித்துவிட்டு, "அதுக்குள்ள இருந்து உண்மையான மீற்றரைப் பார்க்க ஏலாது டீச்சர்" என்று, உபுண்டு நேரடியாகப் போட்ட கணினிக்குப் போனான். அங்கேயும் சாதாரணப் பாவனையாளருக்கு எண்ணிகள் பூட்டித்தான் இருந்தன. பூட்டை வைக்கும் கோப்பின் பெயரிலேயே "பரனொய்ட்" என்று இருக்கிறது, யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுகிறவன் என்று அர்த்தம். 2013இல் நடந்ததை வாசித்த பிறகு எனக்கு அந்தப் பெயரில் சிரிப்பு வரவில்லை. நிர்வாகிக்குரிய கடவுச்சொல்லைப் போட்டுத் திறந்தேன். மூன்று கணினியில் அளந்தோம். நேரம் கொஞ்சம் முன்பின் வந்தது, கதை ஒன்றுதான். ப்ரொசெசர் ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறது.

மாத்தளையில் கடை வைத்திருக்கும் என் நாநாவிடம் பழைய எஸ்எஸ்டி ஒன்றை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி ஒரு கணினியில் மாட்டினோம். 41 செக்கன் 9 ஆனது. ப்ரொசெசர் அதே பழைய ப்ரொசெசர்தான்.

ஆகவே, போன மாதக் கூட்டத்தில் நான் சொன்னது பிழை. ப்ரொசெசர் காணாது என்று ஒன்றையும் அளந்து பார்க்காமல் சொன்னேன். பன்னிரண்டு கணினி புதிதாக வாங்கத் தேவையில்லை. பத்துக்கு எஸ்எஸ்டி மாட்டினால் போதும். மற்ற இரண்டும் மதர்போர்ட் பழுதாகிக் கிடப்பவை, அவற்றை அளக்கவும் முடியவில்லை. இதுவரை சேர்ந்த காசு அதற்கு ஆகியும் மிஞ்சும். மிச்சத்தைத் திருப்பி எடுக்க விரும்புகிறவர்கள் பழைய மாணவர் சங்கப் பொருளாளரிடம் சொல்லுங்கள், தந்தவர் பெயர்ப் பட்டியல் அவரிடம் இருக்கிறது. கட்டார் தம்பிமார் இனி அனுப்ப வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கணினி அறையைத் திறந்து வைப்பேன். எஸ்எஸ்டி மாட்டிய கணினியையும் மாட்டாத கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தப் பிள்ளையே அளந்து காட்டுவான். கோணல் கேள்வி உள்ளவர்கள் கட்டாயம் வாருங்கள்.